நூலகத்துக் கொல்லையில் நின்ற டிரம்கள்

அன்புள்ள ஆல்பர்ட்டுக்கு,

உன் சித்தப்பா உன்னிடம் போனில் சொன்னது தவறு. தெருக்காரர்களின் குடிதண்ணீரையெல்லாம் நான் கவிழ்த்துவிட்டேன், காய்ச்சல் வேகத்தில் நூலகத்து வாசலில் நின்று கத்தினேன், வயதாகி எனக்குப் புத்தி தடுமாறுகிறது என்று சொல்லியிருக்கிறார். நான் கவிழ்த்தது ஒரே ஒரு டிரம். அது நம் வீட்டுப் பச்சை டிரம். எனக்குக் காய்ச்சல் வந்து போய் அப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கத்துவது என் பழக்கம் இல்லை என்பது என்னிடம் வளர்ந்த உனக்குத் தெரியும்; நான் குரலைத் தாழ்த்தினால்தான் நீ பயப்படுவாய். புத்தியைப் பற்றி நீயே முடிவு செய்துகொள். அதற்காகத்தான் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த மதர், கோபத்தோடு மேசைக்கு வராதே, கை கழுவிவிட்டு வா என்பார். கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பெங்களூருக்குப் போன பிறகு இந்தத் தெரு எப்படி இருக்கிறது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நம் கட்டடத்தின் முன்பாதியில் கிளை நூலகம் அப்படியேதான் இருக்கிறது. உன் அப்பா மருந்துக்கடையைப் பேருந்து நிலையத்துப் பக்கம் மாற்றியபோது, அந்த இடத்தை நூலகத்துக்கு வாடகைக்கு விட்டார். அதற்குப் பின்னால் இருக்கும் கொல்லை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் தெருவிலேயே அந்த இடம்தான் பள்ளம். நகராட்சித் தண்ணீர் என்றைக்கு வரும் என்று இந்த ஊரில் யாராலும் சொல்ல முடியாது. வருகிற அன்றைக்கு அந்தக் கொல்லைக் குழாயில்தான் முதலில் வரும், கடைசியாக நிற்கும். அதனால் தெருப் பெண்கள் எல்லாரும் தங்கள் டிரம்களை அங்கேயே நிறுத்திப் பிடித்துவைத்து, வேண்டும்போது குடத்தில் மொண்டு போவார்கள். நூலகர் வளர்மதி ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வாசகர் வட்டத் தலைவி என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்களே, நானும் சொன்னதில்லை. என் டிரம்மும் அங்கேதான் நின்றது.

இந்த வருஷம் வந்த சிக்குன்குனியாவைப் பற்றி நீ பேப்பரில் படித்திருப்பாய். பேப்பரில் படிப்பது வேறு. பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழந்தாள் போட ஆள் இல்லை. எல்லாரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து பாதி உட்கார்ந்து நின்றோம்; சாமியாரே பீடத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிடும். மூட்டு விடாது. காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது, மடக்கினால் நீட்ட முடியாது. எனக்குச் சேலைக் கொசுவம் வைக்க முடியாமல் போனது. நான் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. கொசுவம் வைத்துச் சேலை கட்ட முடிந்த பிறகே வெளியே வந்தேன். உனக்கு அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. சொன்னால் நீ கார் எடுத்துக்கொண்டு வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய்.

வெளியே வந்த அன்றைக்கு நேரே நூலகத்துக்குத்தான் போனேன். வளர்மதி சித்தையன்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அவளுக்கும் காய்ச்சல் வந்திருந்தது. தேதி முத்திரையை ஒரு கையால் தூக்க முடியாமல், இரண்டு கைகளுக்கும் நடுவில் அமுக்கிப் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் கதவுகளைத் திறக்க முடியாமல் உள்ளே இருட்டாக இருந்தது.

"லீவு போட்டுட்டு வீட்டுல கெடக்க வேண்டியதுதான? எதுக்கு இந்தப் பாடு?" என்றேன்.

"போட்டா பூட்டித்தான் போடணும்மா. மாத்து ஆள் அனுப்ப ஆபீசுல ஆளே இல்லையாம். நம்ம கெளைக்கு ஆள் வரத்துக் கொறஞ்சு போச்சுன்னு ஏற்கெனவே பேசிக்கிறாங்க. ஒருக்கா பூட்டுனா மறுபடி தெறக்க வுடுவாங்களான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"யாரு இந்த நேரத்துல படிக்க வாரா?"

அவள் தலையால் வாசலைக் காட்டினாள். எதிர்த்த டாக்டர் வீட்டில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. நிற்க முடியாதவர்கள் நூலகத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கொத்தனார் ஒருவர் கரண்டி பிடிக்க முடியாததால் வேலைக்குப் போக வழியில்லாமல் காலையிலிருந்து மாலைவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டால் கை முடங்கிவிடும், தக்காளி சாப்பிட்டால் வீக்கம் ஏறும் என்று ஊரில் ஆளுக்கொரு கதை ஓடிய நேரம். பேப்பரில் மருத்துவர்கள் எழுதியதை வளர்மதி வெட்டிப் பலகையில் ஒட்டியிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்குக் கொத்தனார் சத்தமாக வாசித்துக் காட்டினார். புத்தகம் எடுத்தவர்கள் குறைவுதான். ஆனால் அந்த வாரங்களில் டாக்டர் வீட்டுக்கு அடுத்தபடி எங்கள் தெருவில் திறந்திருந்த பொது இடம் அது ஒன்றுதான்.

அன்றைக்கே நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். யாருக்கு எந்த மூட்டு நன்றாக இருக்கிறதோ அவருக்கு அந்த வேலை. கை நன்றாக இருந்த நான் முத்திரை குத்தினேன். கால் நன்றாக இருந்த கொத்தனார் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் அடுக்கில் வைத்தார். நமக்கு எதிர்வீட்டுப் பூரணத்துக்கு இடுப்பு மட்டும் தப்பியிருந்தது, அவள் பெருக்கினாள். பெருக்கும்போதெல்லாம், "மருந்துக்கடையம்மா, ஒங்க காலத்து கான்வென்ட்டுல இம்புட்டுத் தூசி பாத்திருப்பீங்களா?" என்று என்னைச் சீண்டுவாள். "பார்த்திருந்தால் பெருக்கியவளை மறுபடி பெருக்கச் சொல்லியிருப்பார்கள்" என்பேன். மறுபடி பெருக்கவும் வைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் வந்தார். டார்ச் அடித்து டிரம்களுக்குள் பார்த்தார். டிரம்முக்கு டிரம் கொசுப்புழு நெளிந்தது. எங்களுக்கு ஆச்சரியம். சாக்கடையில்தான் கொசு வளரும் என்று நாங்கள் நினைத்து, சாக்கடைக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டு, குடிக்கிற தண்ணீரைச் சாமி மாதிரி வைத்திருந்தோம். மூடி போடாமல் பழைய துணியைக் கட்டியிருந்தோம். துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இந்தக் கொசுவுக்கு நல்ல தண்ணிதாம்மா வேணும்" என்றார் ஆய்வாளர். "நல்ல தண்ணியிலயா? நீங்க என்ன சார், கொசுவுக்குமா நாங்க தண்ணி புடிக்கிறோம்?" என்று பூரணம் சண்டைக்கே போய்விட்டாள். அவரும் நொண்டிக்கொண்டுதான் வந்திருந்தார். டிரம்களை எண்ணி எழுதிக்கொண்டு போனார்.

அவர் எழுதியது மாவட்ட நூலக அலுவலருக்குப் போயிற்று. நூலக வளாகத்தில் நோய் பரவ இடம் கொடுத்ததற்கு வளர்மதி விளக்கம் தர வேண்டும், அதுவரை நூலகம் மூடியிருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவள் அதற்கு எழுதி வைத்திருந்த பதிலை என்னிடம் காட்டினாள். தவறு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று இருந்தது.

"தவறு நீயா செஞ்ச?" என்றேன்.

"இல்லம்மா. ஆனா இப்பிடி எழுதுனாத்தான் சீக்கிரம் முடியும். ரெண்டு வரியோட போயிரும்."

"போகாது. உன்னைத் தூக்கி மலைமேல எங்கயாவது போடுவாங்க. இந்த முட்டியோட நீ மலைப் பஸ்ஸுல ஏறி இறங்குவியா?"

அவள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், கை அவ்வளவு உயரம் வரவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன். அந்தப் பதிலைக் கிழிக்கச் சொன்னேன்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். தொண்ணூறுகளில் நீ பிளஸ் டூ கணக்கில் தவறியபோது, பகல் முழுக்க வீட்டில் இருக்கவில்லை. நண்பன் வீட்டுக்குப் போகிறேன் என்பாய். நீ போனது முன்பாதி நூலகத்துக்கு. கடைசி மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வளர்மதி அப்போது வேலைக்குப் புதிது. அவள் என்னிடம் வந்து சொல்லவில்லை, உன்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை மார்க், அடுத்து என்ன என்று ஊரே உன்னைக் கேட்ட மாதத்தில், கேட்காத ஒரே ஆள் அவள்தான் என்று நீயே பின்னால் என்னிடம் சொன்னாய். நீ இன்றைக்கு இருக்கும் நிலைக்கு நூலகம் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அது உன் உழைப்பு, கொஞ்சம் என் கண்டிப்பு. ஆனால் உனக்கு உட்கார ஓர் இடம் தேவைப்பட்ட நேரத்தில் அந்தக் கதவு திறந்திருந்தது, அதைத் திறந்து வைத்திருந்தவள் இவள்.

மறுநாள் தெருப் பெண்களைக் கொல்லைக்குக் கூப்பிட்டேன். டிரம்கள் யார் யாருடையவை என்று நூலக அலுவலரிடம் வந்து சொல்லுங்கள், பழி வளர்மதியை விட்டுப் போகும் என்றேன். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அபராதம் போடுவார்கள் என்று பயம். பூரணம் நீல டிரம்மைப் பார்த்துக்கொண்டே, "இது யாரு டிரம்முன்னு எனக்கென்ன தெரியும்? இந்தப் பக்கம் நான் வந்து எம்புட்டு நாளாச்சு" என்றாள். அதன் வாயில் கட்டியிருந்தது அவள் போன தீபாவளிக்குக் கட்டிய சேலையின் கிழிசல். நான் அதைச் சொல்லவில்லை. என் பச்சை டிரம்மில் பாதித் தண்ணீர் இருந்தது. முதுகைக் கொடுத்துத் தள்ளிச் சாய்த்தேன். நல்ல தண்ணீர் மண்ணில் ஓடியது. "ஆத்தாடி!" என்று எல்லாரும் வாயில் கை வைத்தார்கள். இந்த ஊரில் தண்ணீரைக் கொட்டுவதற்கு எவ்வளவு மனசு வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஆய்வாளர் புழுவைக் காட்டிய பிறகும் அதைக் கொட்ட எனக்கும் மனசு வந்திருக்கவில்லை.

பிறகு நீல டிரம்மில் கையை வைத்தேன். "இது யாருடையதும் இல்லை. அப்ப இதையும் சாய்ச்சிரலாம்" என்றேன்.

"ஐயோ, அதைத் தொடாதீங்க! அது என் தண்ணி!" என்று பூரணம் ஓடிவந்து டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அடுத்த டிரம்முக்கு நகர்ந்தேன். "மருந்துக்கடையம்மா, அது என்னுது!" அதற்கடுத்ததற்குப் போவதற்கு முன்பே ஆளாளுக்குத் தங்கள் டிரம்முக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. பூரணம்தான் முதலில் சொன்னாள்: "சரித்தா, மாட்டிக்கிட்டோம். அந்தப் புள்ளைக்காக வாரேன். ஆனா ரிக்சாவுலதான் வருவேன், என்னால நடக்க ஏலாது." தண்ணீரை அவரவர் கையாலேயே கொட்டினார்கள். தேங்காய் நாரால் தேய்த்து, டிரம்களை வெயிலில் கவிழ்த்தார்கள். அடுத்த தண்ணீர் வரும்வரை தெரு முழுக்க லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தோம். இதைத்தான் உன் சித்தப்பா நான் கொட்டியதாகச் சொல்லியிருக்கிறார். அவர் அன்றைக்கு ஊரில் இல்லை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்தார்.

மாவட்ட நூலக அலுவலரின் அறைக்குள் நாங்கள் போன கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருத்தி முட்டியைப் பிடித்திருக்கிறாள், ஒருத்தி சுவரைப் பிடித்திருக்கிறாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எந்திரிக்க முடியலம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்றார். "எங்களுக்கும் அதே கதைதான் சார், உக்காருங்க" என்றாள் பூரணம். பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் டிரம் எது என்று சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார். நான் வாதாடுவதற்கு நிறைய யோசித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியை விட்டுவிட்டேன். அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரைக் கேள்வி கேட்கிறார்கள், கீழே இருப்பவர்கள் காய்ச்சலில் கிடக்கிறார்கள், எந்தக் கிளை திறந்திருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அவரிடம் குறை சொல்ல வந்தவர்கள்தான் அந்த மாதத்தில் அதிகம் போலிருக்கிறது. "உங்களுக்கு எங்களால் என்ன ஆக வேண்டும்?" என்று கேட்டேன். "இத யாரும் கேக்கலம்மா" என்றார்.

மூட்டைப் பார்த்து வேலையைப் பங்கிட்டுக்கொண்ட எங்கள் தெரு முறையைச் சொன்னேன். வெளியாள் கையில் சாவியைக் கொடுக்க விதியில் இடமில்லை என்றார். விதியை மீறச் சொல்கிறவள் இல்லை நான். சாவியும் பொறுப்பும் நூலகரிடமே இருக்கட்டும், அவர் நாற்காலியில் உட்காரட்டும், எழுந்து செய்யும் வேலையை வாசகர் வட்டம் செய்யட்டும் என்றேன். ஒத்துக்கொண்டார். காய்ச்சல் கண்ட மற்ற கிளைகளின் வாசகர் வட்டங்களுக்கும் அப்படியே சொல்லி அனுப்பினார். கொடைரோட்டுப் பக்கம்கூடச் செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். டிரம்கள் யாருடையவை என்று வளர்மதி புதிதாக எழுதிக் கொடுத்த விளக்கம் ஏற்கப்பட்டது. அடுத்த வாரமே கதவைத் திறந்தோம். இப்போது கொல்லையில் மூடியில்லாத டிரம் ஒன்று நின்றால் பூரணம் அதை வைத்தவளை விடமாட்டாள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் உன் சித்தப்பா ஒரு இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கீழே கடைகள், மேலே லாட்ஜ் என்று அளந்து பார்த்தார்கள். "மதினி, ஊரே படுத்துக் கெடக்கு. இப்பக் காலி பண்ணச் சொன்னா ஒருத்தனும் கொடி புடிச்சிக்கிட்டு வரமாட்டான். வாடகை ஒப்பந்தமும் முடியப் போகுது. இத விட்டா நேரம் வராது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர் அவர். அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் படுத்துக் கிடக்கிறவர்கள் எழுந்திருப்பதற்குள் இடத்தைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னதை உன் அப்பா கேட்டிருந்தால் எழுந்து போய்விட்டிருப்பார். நான் முடியாது என்றேன். அதற்கு அவர், "ஆல்பர்ட்டுகிட்டப் பேசிட்டேன் மதினி, அவன் சரின்னுட்டான்" என்றார்.

உன்னிடம் அன்று சாயங்காலமே போனில் கேட்டேன். "சித்தப்பா சொன்னாரு, சரின்னு சொன்னேன்மா. ஒங்க ஒடம்புக்கும் அதுதான நல்லது, இங்க வந்திருங்க" என்றாய். நூலகம் இருக்கட்டும் என்றேன். அதற்கும் "சரிம்மா" என்றாய்.

உன் அக்கறையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் என் உடம்புக்கு எது நல்லது என்று நானே சொல்கிறேன். இந்த வருஷத்துக் காய்ச்சலுக்குப் பிறகு காலையில் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது மாத்திரை பாதி, முத்திரை குத்தப் போக வேண்டும் என்ற எண்ணம் பாதி. பெங்களூரில் உன் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்திருந்தால் மூட்டு வலியைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்காது. தீபாவளிக்கு வருகிறேன், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வாருங்கள். அது போதும்.

கட்டடத்தில் பாதி உன் சித்தப்பாவுடையது. மீதிப் பாதி எனக்கும் உனக்கும். நான் கையெழுத்துப் போடாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்று வக்கீல் சொல்கிறார். நான் போடப்போவதில்லை. ஆனால் அது நான் இருக்கும்வரைதான். எனக்கு என்ன வயது என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தக் கதவு திறந்திருப்பதும் மூடுவதும் உன் கையெழுத்தில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை நீண்ட காலத்துக்குப் புதுப்பிக்க அலுவலர் கேட்டிருக்கிறார். இந்த முறை உன் பெயரையும் சேர்த்துப் போடலாம் என்று நினைக்கிறேன். அடுத்த நோய் எப்போது வரும், எந்தக் கொசுவில் வரும் என்று எனக்குத் தெரியாது. வரும்போது இந்தத் தெருவில் உட்கார ஒரு பெஞ்சும், அதைக் காக்க ஓர் ஆளும், அந்த ஆளைக் காக்க நாலு பேரும் இருக்க வேண்டும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நீ வேண்டாம் என்று நினைத்தால் அதையும் சொல்லலாம். உனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிப்பு இருக்கிறது. எனக்குத் தெரியாதது இல்லை. அப்படிச் சொன்னால் நான் உன்னோடு வாதாடுவேன், பேசாமல் இருக்கமாட்டேன். ஆனால் போனில் சொல்லாதே. போனில் நீ எல்லாரிடமும் சரி என்கிறாய். சித்தப்பாவிடம் ஒரு சரி, என்னிடம் ஒரு சரி. இரண்டில் எது உன்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து, யோசித்து, காரணத்தோடு, உன் கையால் எழுதி அனுப்பு.

அம்மா